வாகனக் கொட்டகைக்கு ஒரு வரைபடச் சேவை: என் மதிப்பீடு

வீட்டின் பக்கவாட்டில் காருக்கு ஒரு கொட்டகையும் அதன் பின்னால் தோட்டக் கருவிகளுக்கு ஒரு சிறு அறையும் கட்ட எண்ணியபோது, புறக்கட்டடங்களை மட்டுமே வடிவமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் வரைபட வேலையை ஒப்படைத்தேன். கொட்டகைக்கெல்லாமா வரைபடம், மேஸ்திரியிடம் சொன்னால் நான்கு தூண் நட்டுத் தகரம் போட்டுவிட மாட்டாரா என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டதால் அதற்கு இப்போது பதில் எழுத முடிகிறது.

அளவுநாடாவோடு வந்தவர்கள் மனைக்குள் போவதற்கு முன் காரை அளந்தார்கள். 1.8 மீட்டர் அகலமுள்ள வண்டிக்கு 2.4 மீட்டர் உள்ளகலம் தாராளம் என்பது என் கணக்கு. ஓட்டுநர் பக்கக் கதவை முழுவதும் திறக்கச் சொல்லி, என் கணக்குப்படி சுவர் வரவேண்டிய இடத்தில் ஒரு பலகையை நிறுத்தியபோதுதான், வண்டி உள்ளே போகும், நான் வெளியே வர முடியாது என்பது விளங்கியது. இறுதியில் 3.3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் என்று முடிவாயிற்று.

தளத்தைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவுகளே இந்தச் சேவையின் சிறப்பு. வண்டியிலிருந்து சொட்டும் நீர் வெளியேற, வாசலை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து வீட்டுக்குள் புகுந்துவிடாதபடி, வீட்டுக்குச் செல்லும் கதவின் நிலைப்படியைத் தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயர்த்தியதோடு, வெளிச்சுவரின் அடியிலும் காற்றுத் துளைகள் வைத்தார்கள். கான்கிரீட் போடும் முன்பே ஒரு வெற்றுக் குழாயைப் புதைக்கச் சொன்னார்கள். பின்னாளில் மின்காருக்குச் சார்ஜர் வைக்க நேர்ந்தால் தளத்தை உடைக்க வேண்டியதில்லை. தகரக் கூரையின் உட்புறத்தில் இரவுக் குளிரில் நீர் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும் தொல்லைக்கும், தகரத்தின் கீழ் வெப்பக்காப்பு அட்டையும் மேலே காற்றுப்போக்கியும் என்று விடை வைத்திருந்தார்கள்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஷட்டரை மறந்தது வியப்பு. சுருண்ட ஷட்டர் அடங்க வாசலுக்கு மேல் உயரம் வேண்டும். வரைபடத்தில் லிண்டலுக்கு, அதாவது வாசலின் மேல் விட்டத்துக்கு, மேலே உடனே கூரை வந்துவிட்டது. பொருத்த வந்தவர் உருளையைச் சற்றுக் கீழே இறக்கித்தான் மாட்டினார். வாசலின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்தது.

கருவி அறையில் நேர்ந்த பிழை இதைவிடப் பெரிது. அதன் கூரைச் சரிவு வீட்டுச் சுவரை நோக்கி அமைந்துவிட்டது. இடையில் இருப்பதோ 60 சென்டிமீட்டர் இடுக்கு. கூரை நீர் முழுவதும் அங்கே கொட்டி, சுவர் ஓதம் ஏறிப்போயிற்று. வர்ணம் அடிக்கக்கூட ஆள் நுழைய முடியாத அந்த இடுக்கைப் பயன்படுத்துவது இன்று ஒரு பூனை மட்டுமே. முறையிட்டபோது மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் சரிவை மாற்றி வரைவதைக் கூடுதல் திருத்தமாகக் கருதித் தனிக் கட்டணம் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டு, இறவாரத்தில் என் செலவில் கூரை நீரை ஏந்தும் வடிகால் வைத்துக்கொண்டேன்.

கார் கொட்டகைக்கு இவர்களை மறுபடியும் அழைப்பேன். கருவி அறைக்கு அழைப்பதாக இருந்தால், ஒவ்வொரு கூரையின் நீரும் எங்கே விழும் என்பதை அம்புக்குறியிட்டுக் காட்டிய பிறகே வரைபடத்தை ஏற்றுக்கொள்வேன்.