13-ஆம் பின்னில் மாறிய எண்

எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை, 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை மாடல் பி என்ற சிறு கணினி போர்டின் முதல் திருத்தத்தைக் (ரிவிஷன்) கொண்டு நான்கு ஆண்டுகள் இயக்கிவந்தேன். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்சான ரிலேவுக்கு சிக்னல் போர்டின் 13-ஆம் பின்னிலிருந்து (இணைப்பு ஊசி) சென்றது; மின்வெட்டுக்குப் பிறகும் நேரம் தவறாமலிருக்க டிஎஸ்3231 கடிகார மாட்யூலை 3, 5-ஆம் பின்களில் இணைத்திருந்தேன். ஒரு மழை இரவில் விழுந்த இடியில் அந்த போர்டு போய்விட்டது. நண்பரிடமிருந்து அதே மாடல் பி ஒன்றை வாங்கி, பழைய எஸ்டி கார்டைச் செருகி, வயர்களை அதே இடங்களில் மாட்டினேன்.

போர்டு வழக்கம்போல் பூட் ஆனது, நிரலும் பிழைச்செய்தி எதுவுமின்றி ஓடியது. ஆனால் ரிலே அசையவில்லை. கடிகாரமும் பதில் தரவில்லை.

முதலில் ரிலேயைச் சந்தேகித்து மாற்றினேன், பிறகு ஜம்பர் வயர்களை, அதன்பின் கடிகாரத்தின் பட்டன் பேட்டரியை. 13-ஆம் பின்னில் மல்டிமீட்டரை வைத்தால், நிரல் ‘ஆன்’ என்று பதிவு செய்யும் நொடியிலும் ஏறத்தாழ பூஜ்ஜியமே காட்டியது. கடிகாரம் போர்டுடன் பேசும் ஐ2சி தடத்தில் (பஸ்) முகவரிகளைத் தேடும் கட்டளையை பஸ் 0-இல் ஓட்டியபோது, கடிகாரத்தின் முகவரியான 68 இருக்க வேண்டிய கட்டத்திலும் வெறும் கோடுகள்தான் இருந்தன. இரண்டு வார இறுதிகள் இதிலேயே கழிந்தன. புதிய போர்டில் இருந்த இரண்டு திருகுத் துளைகள் பழையதில் இல்லை என்பதை மாட்டும்போதே பார்த்திருந்தும், அதற்குப் பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செயலி விவரக் கோப்பின் ‘ரிவிஷன்’ வரிதான் விடை தந்தது. பழைய போர்டின் எண் 0002 என்று என் குறிப்பேட்டில் இருந்தது. புதியது 0004 என்றது, அதாவது 2012 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் திருத்தம். அதில் 13-ஆம் பின்னுக்குச் சிப் வைத்திருக்கும் எண், அதாவது ஜிபிஐஓ எண், 21 அல்ல, 27. 3, 5-ஆம் பின்களும் ஜிபிஐஓ 0, 1 என்பதிலிருந்து 2, 3 என மாறியதால், அவற்றில் இருந்த ஐ2சி பஸ் 0-க்குப் பதிலாக பஸ் 1 வந்துவிட்டது. ஜிபிஐஓ 21 என்ற எண் சிப்பில் தொடர்ந்து இருப்பதால், அதற்கு எழுதும் நிரலுக்குப் பிழை எதுவும் தெரியாது. சிக்னல் மட்டும் என் ரிலேவுக்குச் செல்லாத வேறொரு தடத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்த மாற்றம் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. சிப்பின் எண்களை நிரலில் நேரடியாக எழுதிவைத்தது என் பிழை.

பைத்தானின் ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்தில் ‘போர்டு’ எண்முறைக்கு மாறி, பின்னை 13 என்றே குறிப்பிட்டேன். எந்தத் திருத்தமானாலும் அதற்குரிய ஜிபிஐஓ எண்ணை நூலகமே பார்த்துக்கொள்கிறது. கடிகாரத்துக்கு அந்த வசதி இல்லாததால், தொடங்கும்போதே திருத்த எண்ணைப் படித்து பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் நான்கு வரிகளைச் சேர்த்தேன். தேடும் கட்டளையை பஸ் 1-இல் ஓட்டியதும் 68 தெரிந்தது. அடுத்த நிமிடம் ரிலே ‘டக்’ என்று ஒலித்து, மோட்டார் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பின் இரண்டு கோடைகளைத் தாண்டியும் இந்த போர்டு தடையின்றி இயங்குகிறது. பெட்டியின் மூடிக்குள் 0004 என்று எழுதிய சிறு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறேன்.