துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் பக்கத்திலிருந்து: 12 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

முள்ளியவளையில் பிறந்து வளர்ந்த நான், கடந்த 12 ஆண்டுகளாகச் சரக்குக் கப்பல்களில் மேற்தள அதிகாரியாகப் பணியாற்றி வருகிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, கப்பல் பணிப் பயிற்சிக்குப் போக எண்ணும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகள் சம்பளத்தைப் பற்றியும் பார்த்த நாடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய என்னென்ன விதிகளை நிறைவேற்ற வேண்டும், அங்கே அதற்கு என்னென்ன சேவைகள் கிடைக்கும் என்று எவரும் கேட்பதில்லை. எங்கள் உறக்கத்தையும் உடல்நலத்தையும் தீர்மானிப்பவை அவையே என்பதால் இதை எழுதுகிறேன்.

வேலை, துறைமுகம் கண்ணில் படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். கப்பல் முகவர் பணியாளர் பட்டியல், சரக்கு அறிவிப்பு, கப்பலிலுள்ள பொருட்களின் அறிவிப்பு, சுகாதார அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்பார். 2004 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கோவையின்படி, கப்பல் கடைசியாகச் சென்ற 10 துறைமுகங்களின் விவரமும் தயாராக இருக்க வேண்டும். கப்பல் சுகாதாரச் சான்றிதழ் 6 மாதங்களுக்கே செல்லும்; அதன் திகதியை மறந்தால் நுழைவதே சிக்கலாகிவிடும். நான் சேர்ந்த காலத்தில் இவை அனைத்தையும் பல பிரதிகளாக அச்சிட்டு, முத்திரை குத்தி, அதிகாரிகள் வந்து அமரும் அறையில் அடுக்கி வைப்போம். 2024 ஜனவரி 1 முதல் இந்த விவரங்களை ஒரே மின்னணு வாயிலின் ஊடாகப் பெறுவது சர்வதேச கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகளுக்குக் கடமையாக்கப்பட்டுள்ளது. நல்ல மாற்றம்தான், ஆனால் மின்னணுவில் அனுப்பிய அதே பட்டியலைப் படியேறி வந்தவுடன் தாளிலும் கேட்கும் துறைமுகங்களை நான் இன்னும் காண்கிறேன். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது கடற்பணியாளருக்கான உலகளாவிய விதி. அதிகாலை 2 மணிக்கு ஒருவர், 4 மணிக்கு இன்னொருவர் எனச் சோதனைக்கு வரும்போது அந்த விதிதான் முதலில் உடைகிறது.

துறைமுகத்திலிருந்து படகில் வந்து ஏறி, கப்பலை உள்ளே வழிநடத்தும் வழிகாட்டி மாலுமியின் சேவையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. மாறாக, ஒரு முறை குறை எங்கள் பக்கமே இருந்தது. நீர்மட்டத்திலிருந்து ஏறுமிடம் 9 மீற்றருக்கு மேல் இருந்தால் கயிற்றேணியுடன் கப்பலின் சாய்வேணியையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் இணைத்திருந்தோம், ஆனால் கயிற்றேணியின் பக்கக் கயிறு ஓரிடத்தில் நைந்திருந்ததைப் படகிலிருந்தே பார்த்த அந்த மாலுமி ஏற மறுத்துத் திரும்பிவிட்டார். வேறு ஏணி கட்டி, அவர் மீண்டும் வரும்வரை 4 மணி நேரம் காத்திருந்தோம். அவர் செய்தது முற்றிலும் சரி. அன்றிலிருந்து நான் பணிபுரியும் கப்பல்களில், ஏணியை இறக்குவதற்கு முன் அதன் ஒவ்வொரு படியையும் முடிச்சையும் நானே தொட்டுப் பார்க்கிறேன்.

நன்னீரும் உணவுப்பொருட்களும் பணம் கொடுத்தால் வந்துவிடும். குழாய் இணைக்கும் முன்பும் கழற்றிய பின்பும் நீர்மானியின் அளவை நாமே குறித்துக்கொண்டால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது கழிவுகளைப் பற்றி. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், எந்த அளவிலும் போடக்கூடாது. எனவே அதைப் பெற்றுக்கொள்ளத் துறைமுகத்தில் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். கழிவைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே கட்டணம் வாங்கும் துறைமுகங்களில் எவரும் மூட்டைகளை மறைத்து வைப்பதில்லை. வேறொரு துறைமுகத்தில், முன்கூட்டியே கேட்டும் கழிவுப் படகு வராததால், பிளாஸ்டிக் மூட்டைகளைப் பின்தளத்தில் கட்டி வைத்து 9 நாட்கள் பயணம் செய்தோம். விதி மட்டும் இருந்து சேவை இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை இலங்கையர் எவரும் மறக்க முடியாது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அமிலம் கசிந்த கொள்கலனை இறக்க, அதற்கு முன் கட்டாரிலும் இந்தியாவிலும் இரு துறைமுகங்களில் கேட்டும் வசதி கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கியது, கரைகளில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன, கடலை நம்பிய மீனவர்கள் தொழிலை இழந்தார்கள். கடலோரத்தில் வளர்ந்த எனக்கு அந்த இழப்பின் அளவு புரியும்.

கரையிறங்கும் அனுமதியும் ஒரு சேவையே. சுகாதாரம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் இல்லாதவிடத்து, முறைப்படி வந்த கப்பலின் பணியாளரைக் கரைக்கு விட வேண்டும் என்று சர்வதேச உடன்படிக்கை கூறுகிறது. ஆனால் வாயில் வரை செல்ல வாகனம் இல்லாத முனையங்களில் அந்த உரிமையால் பயனில்லை. ஒருமுறை திருகோணமலைக்குக் கோதுமை ஏற்றி வந்திருந்தோம். அம்மா வவுனியா வழியாகப் பஸ்ஸில் வந்து காலையிலிருந்து வாயிலுக்கு வெளியே நின்றார். என் அனுமதிச் சீட்டு மாலை 4 மணிக்கே கைக்கு வந்தது. 5 மணிக்கு எனக்குக் காவல் முறை. வாயிலருகே நின்று முக்கால் மணி நேரம் பேசினோம். அவர் கொண்டுவந்த புட்டைக் கப்பலுக்கு எடுத்துப்போய் இரவு காவல் முடிந்த பிறகுதான் சாப்பிட்டேன். இப்போது கப்பல் நங்கூரமிடுவதற்கு முன்பே, பணியாளர் பட்டியலை அனுப்பும் அதே மின்னஞ்சலில், அனைவருக்குமான அனுமதிச் சீட்டுகளையும் முகவரிடம் கேட்டுவிடுகிறேன்.