52 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒட்டுப்போட்ட கார்: பழைய வாகனம் பார்ப்பவர்களுக்கு எச்சரிக்கை

‘விபத்துப்படாதது, 71,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது’ என்று சொல்லி, கண்டிப் பக்கத்தில் பிரதான வீதியோரம் உள்ள ஒரு கார் சேலில் 52 இலட்சம் ரூபாய்க்கு எனக்கு விற்கப்பட்ட வேகன் ஆர், ஜப்பானிலேயே அடிபட்டு ஒட்டுப்போடப்பட்ட வாகனம் என்பது இந்த வாரம்தான் தெரியவந்தது. பெயரை வெளியிட்டால் வழக்குத் தொடர்வோம் என்று மிரட்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது; ஆனாலும் வரியோடு சேர்த்து விற்கப்படும் புதிய காரை ஹட்டனில் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் எவரும் எட்டிப் பார்க்க முடியாது. இந்த நெருக்கடியில்தான் இப்படிப்பட்ட கார் சேல்காரர்களுடைய பிழைப்பு நடக்கிறது.

கடைக்காரர் இஞ்சித் தேநீர் வரவழைத்து, தானும் பொகவந்தலாவைப் பக்கம்தான் என்று ஊர்க்கதை பேசினார். “சேர், நம்ம ஆளுக்குப் போய் நான் பிழையான வாகனம் குடுப்பேனா?” என்று கேட்டுவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஜப்பானிய ஏலத் தாளின் (ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையையும் ஓட்டத்தையும் பதியும் தாள்) லேமினேட் செய்த பிரதியை எடுத்து, நல்ல நிலையைக் குறிக்கும் 4.5 என்ற தரத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். செசி இலக்கத்தின் கடைசி எண்கள் மங்கலாக இருப்பதைச் சுட்டிக்காட்டியபோது, போட்டோ கொப்பி அப்படித்தான் வரும் என்றார். அந்த மங்கல் தற்செயலானதல்ல என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை நோக்கி ஏறும்போதே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. கராஜில் காரை உயர்த்திப் பார்த்த மெக்கானிக் பாஸ், முன் இடது செசிக் காலில் வெல்டிங் செய்த தடத்தையும், உட்புறம் மட்டும் தேய்ந்திருந்த டயரையும் காட்டினார். சாரதிக் கதவின் தூணில் பாதி சுரண்டப்பட்ட ஒயில் மாற்ற ஸ்டிக்கர் ஒன்று இருந்தது; ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே 103,600 என்ற எண் தெளிவாகவே தெரிந்தது. அன்றிரவே காரில் பொறிக்கப்பட்டிருந்த செசி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, இணையத்தில் உண்மையான ஏலத் தாளை எடுத்தேன். தரம் ‘ஆர்’, அதாவது விபத்துக்குப் பின் திருத்தப்பட்டது. ஓட்டம் 112,000 கிலோமீற்றர்.

அதன் பின் தேநீரும் இல்லை, ஊர்க்கதையும் இல்லை. முதலில் முதலாளி கொழும்பில் என்றார்கள், பிறகு இறக்குமதி செய்தவரைக் கேட்கச் சொன்னார்கள், கடைசியில், “பார்த்துத்தானே எடுத்தீங்க?” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். 52 இலட்சம் வாங்கும்போது முதலாளி எங்கும் போகவில்லை. பொலிஸ் நிலையத்தில் இது சிவில் விடயம் என்கிறார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிட்டிருக்கிறேன்.

வாங்க இருப்பவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். கடை காட்டும் ஏலத் தாளை நம்பாமல், காரில் உள்ள செசி இலக்கத்தைக் கொண்டு நீங்களே எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாஸிடம் காரை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்; கடை சொல்லும் கராஜுக்குப் போக வேண்டாம். லீசிங் பாக்கி உண்டா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிசெய்யுங்கள். முற்பணத்துக்கு முன், மீற்றர் அளவையும் விபத்துப்படாதது என்பதையும் ரசீதில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.