மிஸ்ஸிங்குக்குப் போர் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

பாயிண்ட் செட் (பிளக்கில் பொறி வர கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள பழைய 350 சிசி புல்லட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. காலையில் ஒரே கிக்கில் பிடித்த வண்டி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது இடையிடையே எரியாமல் திணறுகிறது. ஆறவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது. இப்படிப் போன வண்டிக்கு ஒரு பட்டறையில் போட்ட பில்: போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, இதுதான் போர் போடுவது), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கூடவே புதுக் கார்புரேட்டர். மறுநாளே அதே மிஸ்ஸிங். கோளாறு கண்டன்சர் என்கிற சின்ன மின் பாகத்தில் இருந்தது. அதன் விலை அந்த பில்லில் ஒரு ரிங் செட்டுக்குக்கூட வராது.

தேய்ந்த சிலிண்டர் ஆறினதும் குணமாகாது. நீலப்புகை வரும், ஆயில் குறையும், கிக்கர் தடையில்லாமல் லேசாக இறங்கும். இக்னிஷனை அணைத்து, டீகம்ப்ரஷர் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) தொடாமல் கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். சில நொடி உங்கள் எடையைத் தாங்கினால் போர் நன்றாகவே இருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமலா "கம்ப்ரஷன் போச்சு" என்பது?

பாயிண்ட் திறக்கும் நொடியில் கரண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் பிடித்துக்கொள்வது கண்டன்சர். சூட்டில் அது கைவிட்டால் பாயிண்டிலேயே பொறி வீணாகும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்து வரும். மிஸ்ஸிங் தொடங்கியதும் இருட்டான இடத்தில் ஐடிலில் விட்டு, பாயிண்ட் கவரைக் கழற்றிப் பாருங்கள். எப்போதாவது சின்னப் பொறி தெரிவது சகஜம்தான். வெல்டிங் மாதிரி விடாமல் மின்னினால் கண்டன்சரை மாற்றுங்கள். கருகிய பாயிண்டையும் சேர்த்து மாற்றி, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.5 மி.மீ. என ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள். பாயிண்ட் இடைவெளி மாறினால் பொறி விழும் டைமிங்கும் நகரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு இக்னிஷன் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, திறந்ததும் நடுவுக்கு வர வேண்டும். அசையவே இல்லையென்றால் பாயிண்ட் அழுக்கு அல்லது சுவிட்ச் ஒயரிங்.

இதே மாதிரி ஏமாற்றுகிற இன்னொன்று டேங்க் மூடியின் காற்றுத் துளை. அடைத்தால் பெட்ரோல் இறங்காது. திணறும்போது மூடியைத் திறந்ததும் சரியாகிறதா பாருங்கள்.

அப்படியும் போர் போட்டே தீரணும் என்றால், தேய்மானத்தை மி.மீ. கணக்கில் அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர் விட்டத்தின் கம்பெனி அளவு 70 மி.மீ. கழற்றிய பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் கண்டன்சரிலும் மட்டமான சரக்கு உண்டு, ஓட்டிப் பார்த்த ஒன்று டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.