சாட்ஸ்வொர்த் நர்சரியில் ஸ்பெக்பூம் வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு நர்சரியில் ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுச் செடி வாங்கினேன். செடி அருமை, தண்டு தடிமன், விலையும் நியாயம். ஆனால் வீட்டில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எல்லாம் இது உறிஞ்சிவிடும் என்று அட்டையில் எழுதி விற்கிறார்கள், அது தப்பு, ஒரு தொட்டிச் செடி எடுப்பது மிகக் கொஞ்சம்தான். தண்ணீர் இருந்தால் இது நெல்லைப் போலப் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். வறட்சி வந்தால் கற்றாழை மாதிரி இரவில் திறந்து, எடுத்த கார்பனை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு வெயிலில் சர்க்கரையாக்கும், அதனால் நீர் வீணாவதில்லை. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் 1860 முதல் நம் முன்னோர் வெட்டிய கரும்புக்கு இன்னொரு வழி, இலைக்குள்ளேயே கார்பனைச் செறிவாக்கிக்கொள்ளும். இதையெல்லாம் அட்டையில் போட்டிருக்கலாமே! சரி, செடிக்காகத் தாராளமாகப் போங்கள். ஒன்று வாங்கினால் போதும், கிளையை ஒடித்து நட்டாலே வேர் விடும்.