க்ளே பார்: கழுவியும் சொரசொரத்தால் மட்டும்

காரை ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இரும்புத்தூளோ தார்த்துளியோ பதிந்திருக்கிறது. அதை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டிதான் க்ளே பார். வழவழவென்று இருந்தால் வாங்கவே வேண்டாம், காசு மிச்சம்.

மென்மையான ரகமே பெரும்பாலும் போதும். முரட்டு ரகம் கறுப்பு வண்டியை மங்கலாக்கிவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் மீட்கணும். சுமார் 50 கிராம் துண்டைப் பிசைந்து தட்டையாக்கி, வழுக்கிக்கொண்டு போக லூப்ரிகன்ட் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். துண்டு பெயின்ட்டில் ஒட்டி இழுத்தால் ஈரம் போதவில்லை. கீறல் விழுவது அங்கேதான். அழுக்கேறியதும் மடித்துப் பிசைந்து புதுப்பக்கம் எடுங்கள். தரையில் விழுந்ததா? குப்பைக்கூடைதான், தயவுதாட்சண்யமே கூடாது. பெயின்ட்டைக் காக்கும் பழைய வேக்ஸ் (மெழுகுப் பூச்சு) இருந்தால் அதையும் இது உரித்துவிடும் என்பதால், முடிந்த கையோடு புதிதாகப் பூசியே ஆகவேண்டும்.