வளரும் பிள்ளைக்கு எது சரி: டக்கா, எலாஸ்டிக்கா, ப்ளீட்டா?

"வளர்ற பிள்ளைங்க, ஒரு சைஸ் பெருசாவே காட்டுங்க." இந்தப் பேச்சு காதில் விழாத துணிக்கடை இருக்காது. ஒரே உடுப்பு நாலு வருஷம் உழைக்க வேண்டும் என்பது காசைப் பார்த்து வந்த ஆசை. இப்போது சூழலைப் பார்ப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். துணியை ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதன் கார்பன், தண்ணீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் குறையும் என்று கழிவைக் குறைக்க வேலை செய்யும் பிரிட்டனின் 'ராப்' (WRAP) அமைப்பு 2012-ல் கணக்கிட்டது. ஆனால் எந்த உடுப்பு அவ்வளவு நாள் தாங்கும்?

இரண்டு வயதில் 85 சென்டிமீட்டர் சுமாருக்கு நிற்கும் குழந்தை, ஆறு வயதில் 115-ஐ நெருங்கிவிடும். இடுப்புச் சுற்றளவு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஆக, நீளம்தான் முதலில் கைவிடும்.

பெரிய சைஸாக வாங்கிப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் தொளதொள, அளவு சரியாக வரும்போது சாயம் போயிருக்கும்.

ரெடிமேட் பேண்ட்டுகளில் இடுப்புப் பட்டிக்குள் காஜா எடுத்த எலாஸ்டிக்கும் இரண்டு பக்கமும் பட்டனும் வருகின்றன. ஒல்லிப் பிள்ளைக்கு வரப்பிரசாதம். ஆனால் அது தீர்ப்பது இடுப்பை மட்டும். கணுக்கால் தெரிய ஆரம்பித்ததும் கதை முடிந்தது. கால் விளிம்பில் தாராளமாக மடித்துத் தைத்திருந்தால் இன்னொரு வருஷம் கிடைக்கும். பல பேண்ட்டுகளில் அந்த மடிப்பு ஒரு விரல் அகலம்கூட இருப்பதில்லை.

லண்டனில் 2017-ல் ரயன் மரியோ யாசின் தொடங்கிய 'பெத்தி ப்ளி' என்ற குழந்தை உடுப்பு நிறுவனம் வேறு வழியில் போனது. அவர் படித்தது விமானப் பொறியியல். உடுப்பு முழுக்க நுண்ணிய ப்ளீட், அதாவது விசிறி மாதிரி வரிசை மடிப்பு. இழுத்தால் நீளமும் அகலமும் சேர்ந்தே விரியும், ஒரே உடுப்பு பல சைஸுக்குப் பொருந்தும். அந்த வருஷமே பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன் விருது கிடைத்தது. கெட்டிக்கார யோசனை, சந்தேகமில்லை. ஆனால் சூடு வைத்துப் பதித்த ப்ளீட் துவைத்த பிறகும் நிற்க வேண்டுமானால் பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழைதான் வசதி, பருத்தியில் கலைந்துவிடும். மழைக்கோட்டு மாதிரி மேலே போடும் உடுப்பாக அது சரி. மே மாதச் சென்னையில் பிள்ளைக்கு அதை மாட்டிவிட எனக்கு மனசு வராது.

அப்புறம் நம்ம பட்டுப்பாவாடை. கரைக்கு மேலே உள்பக்கமாக இரண்டு மூன்று டக், அதாவது துணியைக் கொஞ்சம் மடித்துப் போடும் தையல், பிடித்துத் தைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் கரை தானாகக் கீழே இறங்கும். நீளம் மட்டும்தான் கூடும், அதுதானே வேண்டும்? குறையும் உண்டு. பிரித்த இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். மடிப்புக்குள் இருந்த துணி புது நிறத்தில் பளிச்சென்று ஒரு பட்டையாக நிற்கும். பட்டுத் துணியை நாம் அடிக்கடி துவைப்பதில்லை என்பதால் தப்பிக்கிறது. தினமும் துவைக்கும் பருத்திப் பாவாடையில் அந்தப் பட்டையை லேஸ் வைத்துத்தான் மறைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், மேல்சட்டை. பக்கவாட்டில் எவ்வளவு உள்தையல் விட்டாலும் தோள்பட்டையும் கைக்குழியும் விரியாது. பாவாடைக்கு இன்னும் ஒரு டக் பாக்கி இருக்கும்போதே சட்டை அக்குளில் பிடிக்கும். வேறு நிறத்தில் புதுச் சட்டை தைத்து அதே பாவாடையோடு போடும் வீடுகள்தான் முழுப் பலனையும் எடுக்கின்றன. 'செட்டாத்தான் போடணும்' என்றால் பாதி ஆயுள் போச்சு.

என் ஓட்டு டக்குக்குத்தான், ஆனால் இடுப்புக்குக் கீழே மட்டும். பள்ளிப் பேண்ட்டுக்குக் காஜா எலாஸ்டிக், கூடவே நல்ல அகல மடிப்பு. சட்டைக்கு மூன்றுமே சரிவராது. அண்ணன் போட்டதைத் தம்பிக்குத் தருவதே மேல். டெய்லரிடம் கொடுக்கும்போது டக்கை எட்ட எட்ட விழும் நீளத் தையலாகப் போடச் சொல்லுங்கள். பிரிக்கவும் சுலபம், துளையும் குறைவு.